வழிப்போக்கர் மகள்

நாற்பத்தேழாம் பேரேடு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கையெழுத்து என்னுடையது.
அந்த வயதில் என் எழுத்துகள்
சற்றுக் கர்வமாய்ச் சாய்ந்து நிற்கும்.

எஸ்மெர்லின் தோர்வில். பெண். உயிருடன்.
எட்டாம் கரும்புக் குடியிருப்பு, சான் பெத்ரோ.
விடியற்காலை நான்கு மணி.
தந்தை காட்டிய அடையாளம்:
ஆலை கொடுத்த கூலிச்சீட்டு.
அன்று அது போதுமாயிருந்தது.
கட்டைவிரல் மையைக் கால்சட்டையில் துடைக்காமல்
வீடுவரை ஏந்திப் போனார் அந்த மனிதர்,
மனைவிக்குக் காட்ட.

இருபத்துநான்கு வருடம் கழித்து
அந்தப் பெண் என் ஜன்னலில் நிற்கிறாள்.
தோளில் ஆறு நாள் குழந்தை.
ஆஸ்பத்திரி கொடுத்த தாள் ரோஜா நிறம்.
இந்நாட்டவள் பெற்றால் வெள்ளை,
அயலாள் பெற்றால் ரோஜா.
அழகான நிறம்தான்.
யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"உன் பதிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள்."
"ஏன்?"
"உன்னைப் பெற்றவர்கள் வழிப்போக்கர்கள்.
வழிப்போக்கர் பிள்ளைக்கு
இந்த மண் உரிமை தராதாம். தீர்ப்பு வந்திருக்கிறது."

அவள் சத்தம் போடவில்லை.
குழந்தையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றினாள்.
"எங்கே போகிற வழியில்?" என்று கேட்டாள்.

"அப்பா முப்பத்தொரு வருடம் வெட்டினார்.
வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை,
அந்த முனையிலிருந்து இந்த முனை.
போய்ச் சேராமலே செத்துவிட்டாரா?
அம்மா இன்னும் அதே அறையில்தான்.
கூரைத் தகரம் மூன்று தரம் மாற்றியாயிற்று.
வண்டி எத்தனை மணிக்கு, சொல்லுங்கள்.
மூட்டை கட்டச் சொல்கிறேன்."

பின்னால் நின்றவர் இருமினார்.
முத்திரைக் கட்டை
மைப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

இரவு, தஹபோனிலிருந்து வந்திருந்த மைத்துனன் ராமீரோ
வறுத்த வாழைக்காயை முறித்தபடி சொல்கிறான்:
"வீடென்றால் கதவு வேண்டும், எலிசேயோ.
இங்கே பெற்றால் போதும் என்றால்
அக்கரையில் ஒரு கர்ப்பிணி மிஞ்சுவாளா?"
எல்லை ஆற்றோரம் நெல் போடுகிறவன்.
போன வெள்ளத்தில் அக்கரைக் குடும்பமொன்றை
மூன்று இரவு தன் களஞ்சியத்தில் படுக்கவைத்தான்.
நான்காம் காலை
லாரி பிடித்துத் திருப்பி அனுப்பியதும்
அவன்தான்.

"கதவு சரி. உள்ளே பிறந்தவளை
எந்தக் கதவு வழியாக வெளியேற்றுவாய்?
அவள் நுழையவே இல்லையே."
"அவள் அப்பன் நுழைந்தான்."
"என் தாத்தாவும்தான். டோர்டோலாத் தீவிலிருந்து,
பாய்க்கப்பலில், இதே கரும்புக்கு."
"அவர் இங்கிலீஷ் பேசினார்" என்றாள் என் மனைவி,
அது ஒரு விடை என்பதுபோல.
சிரித்தோம்.
பிறகு தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பேரேட்டை இறக்கிப் பார்த்தேன்.
கறையான் ஓரங்களைத் தின்றிருந்தது.
பெயரைத் தொடவில்லை.
கறையானுக்குச் சுற்றறிக்கை போகவில்லை போலும்.

நான் வீரனல்ல.
ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம்,
இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம்.
அவள் மறுபடி வந்தபோது
ஒரு நகல் எடுத்தேன், அவ்வளவுதான்.
முத்திரை இல்லாத வெறும் நகல்.
இயந்திரத்தின் சூடு ஆறுமுன்
ஜன்னலுக்கு அடியில் தள்ளினேன்.

"இது செல்லுமா?"
"செல்லாது."

நான்காய் மடித்தாள்.
குழந்தையின் துணியை விலக்கி
தொப்புள் இன்னும் காயாத வயிற்றுக்கு மேலே
செருகி, கட்டினாள்.

"பெயர் என்ன?" என்றேன்.
பதிய முடியாத பெயரைக் கேட்க
எனக்கு அதிகாரமில்லை.
சொன்னாள்.

எந்தப் பேரேட்டிலும் அது இல்லை.
இங்கும் நான் எழுதவில்லை.
பேனா கையில்தான் இருந்தது.